வேம்பில் இருந்த உலமா

என் வீட்டு வேம்பில் எட்டு நாள் தங்கிய ஒரு பறவையை நான் படம் பிடித்தேன். அந்தப் படம் ஒரு காலத்தில் இந்தக் கரையில் மூன்று சுவர்களில் தொங்கியது. ஒன்று திரும்பி வந்தது. ஒன்றை நானே கழற்றினேன். மூன்றாவது இன்னும் என் காக்காவின், என் அண்ணனின், கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது. அதைக் கழற்ற என்னால் முடியவில்லை. என்னால் முடியவில்லை என்று நான் சொல்லுகிற காரியங்கள் மிகவும் குறைவு. அதனால்தான் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தொண்ணூறில் முஸ்லிம்களைத் துரத்தியதில் மன்னார்க் கரையை விட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது என்னிடம் இருந்தது இடுப்பில் கட்டிய சாரமும் எண்ணெய் இல்லாத ஓர் அரிக்கன் லாம்பும்தான். இன்று களப்போரத்தில் எனக்கு இரண்டு கருவாட்டு வாடிகள் இருக்கின்றன. ஐஸ் செய்கிற கட்டடம் ஒன்று இருக்கிறது. சுற்றிவர மதில் கட்டிய தோட்டத்துக்கு நடுவில் மேல்மாடி வைத்த வீடு இருக்கிறது. படித்த பெரிய ஆட்கள் என் வாசலுக்கு வந்து, நான் இருக்கச் சொல்லும்வரை நிற்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்து, கட்டாரில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது ஒரு பெரிய கமரா கொண்டுவந்தான். முழங்கை நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய் வைத்தது. தன் பிள்ளைகளைப் படம் எடுக்க வாங்கியதாம். நான் அதை ஒருநாள் கையில் வாங்கிப் பார்த்ததோடு சரி, போகும்போது அதை விட்டுவிட்டுத்தான் போனான். அதில் எழுதியிருந்தது எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அது ஒரு தடையே இல்லை. மீன் பெட்டிக்கு அடையாளம் வைக்கிற பெயின்டை எடுத்தேன். காலை வெளிச்சத்துக்குத் திருப்புகிற இடத்தில் சிவப்புப் புள்ளி, உச்சி வெயிலுக்குப் பச்சை, மம்மல் பொழுதுக்கு வெள்ளை. மூன்று புள்ளிகளோடு நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, புத்தளம் டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவர் இது யார் எடுத்தது என்று இரண்டு தரம் கேட்டார்.

பறவையைப் படம் எடுக்கிறவர்கள் காட்டுக்குள் போய்க் கொசுக்கடியில் கிடப்பார்களாம். நான் என் படுக்கையறையை விட்டு இறங்கவில்லை. மேல்மாடியில் என் கட்டில் ஜன்னலோரம் கிடக்கிறது. ஜன்னலுக்கு நேரே, இருபது முழத்துக்குள், வேம்பு. கிளைகள் கண்மட்டத்துக்கு நிற்கும். பெண்சாதி புதிதாகத் தைத்துப் போட்ட திரைச்சீலையில் கமராவின் மூக்கு நுழையும் அளவுக்குக் கத்தரிக்கோலால் ஒரு வட்டம் வெட்டினேன். கட்டிலில் இருந்தபடி அதற்குள்ளால் பார்ப்பேன்.

"ஊருக்கெல்லாம் முதலாளி. வீட்டில கள்ளன் மாதிரி ஓட்டைக்குள்ளால எட்டிப் பார்க்கிறார்" என்று அவள் கீழே இருந்து யாருக்கோ சொல்வது போல எனக்குச் சொன்னாள்.

அந்த ஓட்டைக்குள்ளால்தான் நான் ஆறுமணிக்குருவியைப் பிடித்தேன். வடக்கேயிருந்து வருடத்தில் ஒரு தரம் வருகிற நீலக் குருவிகளைப் பிடித்தேன். ஒருநாள் காலையில், தலையில் விசிறி வைத்தது போல் ஒரு பறவை வேம்படியில் நிலத்தைக் கொத்திக்கொண்டு நின்றது. செம்மஞ்சள் விசிறி, நுனியெல்லாம் கறுப்பு. படத்தைப் பள்ளிவாசல் மவ்லவியிடம் காட்டினேன். அவர் பார்த்தவுடனேயே முகம் மலர்ந்து, இதுதான் ஹுத்ஹுத், நபிமார் ஒருவருக்குத் தூது கொண்டுபோன பறவை என்றார். அதற்குப் பிறகு என் நடையே கொஞ்சம் மாறிவிட்டது என்று பெண்சாதி சொல்வாள். மாறாதா? இந்தக் கரையில் இத்தனை தோட்டங்கள் இருக்க, அது என் தோட்டத்துக்கு அல்லவா வந்தது. மூன்று மாதம் நாள்தவறாமல் வந்தது.

இனிக் காக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு வயது மூத்தவர். வள்ளத்தில் உம்மாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர். கரைக்கு வந்த பிறகு நான் கடற்கரையில் மீன் பொறுக்கித் தொழில் தொடங்கினேன். அவர் வண்ணாத்திவில்லுக் காட்டுப் பக்கம் சிங்கள ஆட்களோடு விறகு வெட்டப் போனார். இரண்டு வருடம் அவர்களோடு கொட்டிலில் படுத்து எழும்பினார். அந்த விறகில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. பிறகு சின்னதாக ஒரு கடை போட்டார், பிள்ளைகளைப் படிப்பித்தார். என் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி அவர் வீடு.

அந்த வருடம் அவருக்கு நெஞ்சில் வருத்தம் வந்தது. கொழும்பில் பெரிய டொக்டர் பார்த்துவிட்டு நெஞ்சைத் திறக்க வேண்டும், திறந்தால் நல்லாயிருப்பார், விட்டால் கனகாலம் போகாது என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். வருவதற்கு நாளும் தந்தார்கள். காக்கா மாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் எழும்பவில்லை. கஞ்சி கொண்டுபோனால் இரண்டு கரண்டி, அதற்கு மேல் வாய் திறக்காது. நான் போய்ச் சத்தம் போட்டேன். அவர் திரும்பாமலே சொன்னார்:

"தம்பி, என்ட நேரம் வந்திட்டுது. எனக்குத் தெரியுது. அங்க போய் வெட்டும் வாங்கிக்கொண்டு மௌத்தாக ஏலாது. என்னை விடு."

பொலிசில் கிடந்த ஆளை ஒரு சொல்லில் வெளியே எடுத்தவன் நான். மணலில் புதைந்த லொறியை முன்னுக்கு நின்று தள்ளி ஏற்றியவன் நான். ஆனால் ஒரு மனிசனின் வாயைத் திறந்து ஒரு பிடி சோறு வைக்க எனக்கு வழி தெரியவில்லை. டொக்டர் தந்த நாளுக்கு எட்டு நாள் இருந்தது.

அன்று விடியச் சாமம் வரை வாடைக்காற்றும் மழையும் அடித்து ஓய்ந்திருந்தது. காலையில் நான் கண்விழித்தது ஒரு சத்தத்தால் அல்ல, சத்தம் இல்லாததால். என் தோட்டத்துக் காகங்கள் சுபஹுக்குப் பின்னால் வீட்டைத் தூக்குவது போலக் கத்தும். அன்று ஒரு காகம் இல்லை. கோழிக்கூட்டைப் பெண்சாதி திறந்துவிட்டாள், கோழிகள் வெளியே வரவில்லை. கூட்டின் கடைசி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு நின்றன. எலி வந்திருக்கும் என்றாள். நான் திரைச்சீலை ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

வேம்பின் நடுக்கிளையில் ஒரு சின்னப் பிள்ளை குந்திக்கொண்டு இருப்பது போல் இருந்தது.

பறவை என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆந்தைச் சாதிதான், ஆனால் அவ்வளவு பெரிய ஆந்தையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. தலையில் இரண்டு பக்கமும், தலைப்பாகையின் நுனியை இழுத்துவிட்டது போல, இரண்டு நீண்ட இறகு. மஞ்சள் சொண்டு. வெள்ளை நெஞ்சு முழுக்கக் கறுப்புக் குறிகள், ஒரு வரிக்குக் கீழே ஒரு வரியாக, யாரோ அரபு எழுத்தில் எழுதி விட்டது போல. மற்ற ஆந்தைக்கு மஞ்சள் கண் இருக்கும். இதற்கு மனிசக் கண். கறுப்பு, ஈரமாக. பட்டப்பகலில் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது.

நான் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பி நாற்பது, ஐம்பது படம் எடுத்தேன். ஒன்றில்கூட முதுகு இல்லை. பறவைப் படம் எடுக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு முகம் கிடைக்க அவர்கள் நாள்கணக்காகக் கிடப்பார்கள். எனக்கு ஒவ்வொரு படத்திலும் முழு முகம் தந்தது. உடம்பு அசையவில்லை. நான் கட்டிலின் அந்தத் தலைப்புக்கு நகர்ந்தால் தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. இந்தத் தலைப்புக்கு வந்தால் இந்தப் பக்கம்.

அன்று பொழுது படுகிற நேரம், மஃரிபுக்குச் சற்று முன்னால் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் ஒரு பெண் கத்துகிற சத்தம் கேட்டது. குரலை யாரோ கையால் பிடித்து நெரிக்க நெரிக்க, மேலே போய்ப் போய் அறுகிற கத்தல். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். தோட்டத்தில் ஆள் இல்லை. ஈர மணலில் ஒரு காலடியும் இல்லை. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பிவிட்டேன். அதையும் பறவையையும் நான் சேர்த்து நினைக்கவில்லை.

அடுத்த நாள் ஆனமடுவைப் பக்கத்திலிருந்து கருவாடு ஏற்ற வருகிற பெரியவர் வந்தார். சிங்கள ஆள், இருபது வருடப் பழக்கம், என்னை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார். கமராவின் முதுகில் படத்தைக் காட்டினேன். பார்த்தவர் ஓரடி பின்னால் வைத்தார். இரண்டு கையும் தானாக நெஞ்சுக்கு வந்து கூடின. மெதுவாகச் சொன்னார்:

"மே உலமா, ஹாஜியார்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்களில் மார்க்கம் படித்த பெரியவர்களைத்தான் உலமா என்போம். ஒரு சிங்கள மனிசன், அதுவும் கைகூப்பி, இது உலமா என்கிறார். நெஞ்சில் எழுத்து, தலையில் தலைப்பாகை, அசையாத இருப்பு. முதலில் ஹுத்ஹுத் வந்தது, இப்போது உலமா வந்திருக்கிறது. எல்லாம் எனக்குப் பொருந்தியது. எனக்குச் சிங்களம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மீன், நிறை, ஐஸ், லொறி, பொலிஸ், கச்சேரி, எல்லாச் சிங்களமும் என் வாயில் தண்ணீர் மாதிரி. ஆந்தைகளின் பெயரைச் சிங்களத்தில் கேட்க எனக்கு அதுவரை தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

அவர், இது அழுகிறதா என்று கேட்டார். உலமா என்றால் துஆக் கேட்கும்போது அழாமல் இருப்பார்களா? அழும், நன்றாக அழும் என்றேன். அவர் கமராவை என் கையில் திருப்பித் தந்தார். படத்தை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். எனக்கு அதுவும் விளங்கியது. இப்படிப்பட்ட படத்தை வீட்டுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது, நாலு பேர் பார்க்க வைக்க வேண்டும் என்கிறார். பிளேன்டியைக் கையில் வாங்கி, குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டு லொறியில் ஏறினார்.

அன்றே புத்தளம் போய், கதவின் பாதி அளவுக்கு மூன்று படம் அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டேன். உயிருள்ளதின் படத்தைச் சுவரில் தொங்கவிட்டால் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று பெண்சாதி எப்போதும் சொல்வாள். அதன் பெயரைச் சொன்னதும் அவளே ஆணி எடுத்துத் தந்தாள். ஒன்று என் கீழ் மண்டபத்துக்கு. ஒன்று முந்தலில் தேங்காய்க் கடையும் தோட்டமும் வைத்திருக்கிற என் கூட்டாளிக்கு, அவன் பொறாமைப்படட்டும் என்று. ஒன்று காக்காவுக்கு.

காக்கா சுவர்ப்பக்கம் திரும்பித்தான் கிடந்தார். காக்கா, நன்மை கொண்டுவாற பரக்கத்தான பறவை, என்ட தோட்டத்துக்கு வந்திருக்கு, பேர் உலமா என்று சொன்னேன். அந்தப் பெயரைக் கேட்டதும் திரும்பினார். பல நாளுக்குப் பிறகு அவர் திரும்பியதை அன்றுதான் கண்டேன். படத்தை நெடுநேரம் பார்த்தார். எந்த மரம் என்று கேட்டார். எந்தக் கிளை. நான் எங்கே இருந்து எடுத்தேன். அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தது. சத்தம் போட்டதா. எல்லாவற்றுக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னேன். கட்டிலுக்கு எதிரே, படுத்தபடி பார்க்கக்கூடிய இடத்தில் மாட்டச் சொன்னார். நான் ஆணி அடித்து மாட்டினேன்.

அன்று பின்னேரம் மதினி என் வீட்டுக்கு ஓடிவந்தாள். அவர் பாண் கேட்டாராம். சம்பலோடு அரை றாத்தல் பாணைச் சாப்பிட்டாராம். மறுநாள் சோறு சாப்பிட்டார், மீன் பொரித்தது கேட்டார். மூன்றாம் நாள் கட்டிலில் எழும்பி இருந்துகொண்டு, கொழும்புக்கு வான் பிடித்து வை, போவோம் என்றார்.

நான் சும்மா இருப்பேனா? பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னேன், வாடியில் சொன்னேன், சலூனில் சொன்னேன். டொக்டர் செய்யாததை என் ஒரு படம் செய்தது. மவ்லவி மட்டும், பறவையில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று பட்டும் படாமலும் சொன்னார். அவருக்கும் ஒரு படம் வேண்டியிருக்கும், கேட்க வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பறவை நாள்தோறும் இருந்தது. எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று நான் கண்டதில்லை. காலையில் திரைச்சீலையில் கண் வைத்தால் இருக்கும். காகங்கள் வரவேயில்லை. அணில் சத்தம் நின்றது. வேம்பைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குள் காற்றுகூடக் கொஞ்சம் ஆறுதலாக வருவது போலிருக்கும். ஹுத்ஹுத்தும் வரவில்லை. பெரியவர் இருக்கிற இடத்தில் மரியாதைக்கு ஒதுங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மஃரிபுக்கு முன் அந்தக் கத்தல் இன்னும் இரண்டு தரம் கேட்டது. கடைசித் தரம் அது தென்னந்தோட்டத்தில் இருந்து வரவில்லை. என் மதிலுக்கு உள்ளே இருந்து வந்தது. பெண்சாதி கையில் இருந்த கோப்பையைப் போட்டுவிட்டாள். ஆர் அது என்று என்னைக் கேட்டாள். ஆருமில்லை என்றேன்.

எட்டாம் நாள், காக்கா கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள், முந்தல் கூட்டாளி வந்தான். கக்கத்தில் என் படம், பேப்பரில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே கொண்டுவரவில்லை, வாசல் மதிலில் முகம் உள்ளுக்குப் பார்க்கச் சாய்த்து வைத்தான்.

"மச்சான், ரெண்டு நாளா என்ட சிங்கள வேலையாட்கள் கடைக்குள்ள கால் வைக்கிறானுகள் இல்ல. என்னடா எண்டு கேட்டா படத்தைக் காட்டுறானுகள். நீ ஆரிட்டக் கேட்டாய் இதுக்குப் பேர்?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. நான் எதையாவது பிழைவிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவன் அவன்.

"அது எங்கட உலமா இல்ல, மச்சான். சிங்களத்தில உலமா எண்டா மௌத்துக்கு வாற, சாவு சொல்லுற பறவை. பொம்பிளை கத்துற மாதிரிக் கத்துமாம். எந்த வீட்டு மரத்தில வந்து இருக்குதோ அந்த வீட்டுக்காம்."

அவன் போன பிறகு நான் செய்த முதல் வேலை, மண்டபத்துப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தது. இரண்டாவது, காக்கா வீட்டுக்கு நடந்தது. நடந்தது என்று எழுதுகிறேன், ஓடினேன். என் தலைக்குள் ஒரே ஒரு நினைப்புத்தான். நாளைக்கு நெஞ்சைத் திறக்கப் போகிற மனிசன். அவர் கண் விழித்தாலும் படுத்தாலும் பார்க்கிற இடத்தில், என் கையால் ஆணி அடித்து, மௌத்தை மாட்டி வைத்திருக்கிறேன். யாராவது அவருக்குச் சொல்வதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். சொன்னால் அவர் திரும்பவும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். வான் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போகும்.

காக்கா தலையணையில் சாய்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். சட்டத்தில் கறையான் ஏறுகிறது, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே நான் ஆணியில் கை வைத்தேன்.

"புதுச் சட்டத்தில கறையானா? விடு அதை."

விட்டேன். அவர் கொட்டையைத் தட்டத்தில் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். சின்ன வயதில், நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தபோது பார்க்கிற அதே பார்வை.

"ஆர் சொன்னது உனக்கு? முந்தலானா?"

நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன்.

"டேய் தம்பி, நான் ரெண்டு வருசம் காட்டில அவங்களோட கிடந்தவன். அங்க ஒருக்கா அது கத்தி, அடுத்த நாள் பதினேழு பேரும் கொட்டிலை விட்டுட்டு நடந்தம். உனக்கு உலமா எண்டா தாடியும் தொப்பியும். எனக்கு நீ பேரைச் சொன்ன உடனேயே தெரியும்."

தெரிந்துகொண்டா கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னீர்கள் என்று கேட்டேன். சகுனம் பார்க்கக் கூடாது என்று நம்மட மார்க்கத்தில் இருக்கிறதே என்றும் கேட்டேன். மவ்லவி சொன்னதை அப்போதுதான் நான் கையில் எடுத்தேன்.

"ஓம், பார்க்கப்படாதுதான். நானும் பார்க்கல்ல." அவர் இன்னொரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். "ஆனா யோசிச்சன். எட்டு நாளா அது வந்து இருந்தது உன்ட வேம்பில. பார்த்துக்கொண்டு இருந்தது உன்ட ஜன்னலை. கத்தினது உன்ட மதிலுக்குள்ள எண்டு உன்ட பெண்சாதி வந்து சொன்னா. நான் அதைப் படத்திலதானே கண்டன்."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். நல்ல மனிசன் அவர், எனக்குக் கெடுதி நினைக்கிறவர் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் மாதக்கணக்காக நான் காணாத ஒரு தெம்பு இருந்தது.

"என்ட நேரம் வந்திட்டுது எண்டுதான் நினைச்சிருந்தன். வந்தது எனக்கில்ல எண்டு விளங்கின பிறகுதான் தம்பி, எனக்குப் பசிச்சது."

வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன். போட்டிருந்தேன், ஆனால் தேடினேன். முந்தலான் சொன்னபோது அந்த வீட்டுக்காம் என்ற சொல் என் காதில் விழுந்துதான் இருந்தது. அது காக்காவைப் பற்றிய கவலையோடு காக்கா வீட்டுக்கு ஓடிவிட்டது. இப்போது என்னோடு சேர்ந்து என் வீட்டுக்கு நடந்தது.

மேலே போய்க் கட்டிலில் இருந்து கமராவில் இருந்த படங்களை முதலில் இருந்து பார்த்தேன். எட்டு நாள் படம். நான் இவ்வளவு நாளும் சிறகைப் பார்த்தேன், நெஞ்செழுத்தைப் பார்த்தேன், வெளிச்சம் சரியா என்று பார்த்தேன். அன்றுதான் கிளையைப் பார்த்தேன். முதல் நாள் நடுக்கிளை. மூன்றாம் நாள் அதே கிளையில் ஒரு கவடு ஜன்னல் பக்கம். ஐந்தாம் நாள் வேறு கிளை, வீட்டுப் பக்கம் நீண்டது. எட்டாம் நாள் எடுத்த படத்தில் முகம் சட்டம் கொள்ளாமல் நிறைந்து நின்றது. நான் கண்ணாடிக் குழாயை நீட்டியதால் என்று நினைத்திருந்தேன். நீட்டவில்லை. முழு முகம், ஒவ்வொரு படத்திலும் முழு முகம். என் திறமைக்குக் கிடைத்தது என்று ஊரெல்லாம் சொன்ன அந்த முகம். அது கமராவைப் பார்க்கவில்லை. கமராவுக்குப் பின்னால் இருந்தவனைப் பார்த்தது.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அப்போதும் அது இருந்திருக்கும். நான் ஓட்டையில் கண் வைக்கவில்லை. பெண்சாதியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று கீழே படுத்தேன். மேலே வெக்கையாக இருக்கிறது என்றேன். மார்கழி மாதம். அவள் எனக்குக் கீழே பாய் விரித்துத் தந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை, காக்காவின் வான் ஏழு மணிக்கு. சுபஹு தொழுதுவிட்டு வந்து, நான் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினேன். இந்தக் கரைக்கு வெறும் லாம்போடு வந்தவன் ஓர் ஆந்தைக்கு ஒளிக்க மாட்டான் என்று எனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வேம்படிக்குப் போனேன். அண்ணாந்து பார்த்தேன். கிளையில் ஒன்றும் இல்லை. மதிலில் ஒரு காகம் இருந்தது, எட்டு நாளுக்குப் பிறகு முதல் காகம். அது கத்தவில்லை.

மரத்தடியில் எலும்பும் மயிருமாக உருட்டிய உருண்டைகள் கிடந்தன. ஆந்தைகள் விழுங்கியதில் சமியாததைத் துப்புமாம். ஒன்றைத் தடியால் கிளறினேன். அதற்குள்ளிருந்து ஓர் இறகு வந்தது. செம்மஞ்சள், நுனி கறுப்பு. ஹுத்ஹுத்தின் விசிறியில் ஒன்று. மரியாதைக்கு ஒதுங்கிய பறவை.

பிறகு நான் ஏன் அதைச் செய்தேன் என்று தெரியாது. ஏணி சாத்தி, கடைசியாக அது இருந்த கிளைக்கு ஏறி, அது இருந்த இடத்தில் கமராவை வைத்து, அது பார்த்த பக்கம் பார்க்கத் திருப்பி, ஒரு படம் எடுத்தேன். ஒரே ஒரு படம். சிவப்புப் புள்ளியில்.

வான் கோர்ன் அடித்தது. காக்கா முன் இருக்கையில், சவரம் செய்து, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கொழும்பில் நெஞ்சைத் திறந்தார்கள், மூடினார்கள். இரண்டு கிழமையில் தன் காலால் நடந்து வீட்டுக்குள் ஏறினார். இவருடைய வயதில் இவ்வளவு சுகமாகத் தேறினவர்களை நாங்கள் அதிகம் காணவில்லை என்று டொக்டரே சொன்னார்.

பறவை திரும்பி வரவில்லை. நான் கமராவை விடவில்லை, அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இப்போதும் பறவைகளை எடுக்கிறேன். கீழ் மண்டபத்து ஜன்னலில் இருந்து எடுக்கிறேன், முழங்கால் நோவு, படி ஏற இயலாது. மேல்மாடித் திரைச்சீலையைப் பெண்சாதி மாற்றிவிட்டாள்.

வேம்பில் ஏறி எடுத்த அந்த ஒரு படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. புத்தளத்தில் அடிக்கவும் கொடுக்கவில்லை. கமராவுக்குள்ளேயே இருக்கிறது. இலைகள், அதற்குப் பின்னால் என் வீட்டுச் சுவர், ஜன்னல், பூப்போட்ட திரை, திரையில் நான் வெட்டிய வட்டம். அந்த வட்டத்துக்குள்ளால், வெயில் நேராக விழுந்து, வேறொன்றும் தெரியாமல், என் தலையணை மட்டும் துப்புரவாகத் தெரிகிறது. நடுவில் என் தலை வைத்த பள்ளத்தோடு.

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து நான் காக்கா வீட்டுக்குத்தான் போவேன். அவர் எதிர்ச் சுவரில் இருக்கிற படத்தைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"இன்னும் வரல்லையா?"

"வரல்ல, காக்கா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, உள்ளுக்குத் திரும்பி மதினியிடம் சோறு போடச் சொல்லுவார். இப்போதெல்லாம் அவருக்கு நல்ல பசி.